பசிக்கிற தட்டுகள்

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய பெரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் மருமகன், அதாவது உங்கள் பழைய வீட்டில் உங்கள் கருணையால் குடியிருக்கும் தராசு ரிப்பேர்காரன், கைகூப்பி எழுதிக்கொள்வது. தங்களுக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்றும், உங்கள் மகனான மச்சான் வழக்கம்போல நன்றாகச் சாப்பிட்டு அதைவிட நன்றாகத் தூங்குகிறார் என்றும் நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன். பொய் எழுதினால் என் கையெழுத்து கோணிக்கொள்கிறது. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

போனில் பேசலாமே என்பீர்கள். பேசினேனே அத்தை! போன தடவை நான் "அத்தை, ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்ததும் "தட்டெல்லாம் நல்லா இருக்கா மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். "அதைப் பத்திதான் சொல்ல வந்தேன்" என்று நான் தொண்டையைச் செருமுவதற்குள் "பத்திரமா பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்றுகூடக் கேட்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மறைக்கவில்லை. கடிதம் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது, பாதியில் வைக்கவும் முடியாது. தவிர, என் மனைவி பக்கத்து அறையில் உங்கள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் காதில் விழும்படி அவளுடைய பெரியம்மா வீட்டுச் சாமானைக் குறை சொல்லிவிட்டு நான் எங்கே போய்ச் சாப்பிடுவது?

சாவி கொடுத்த அன்று நடந்ததை நினைவுபடுத்துகிறேன். மச்சான் காரில் உட்கார்ந்து ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். நீங்கள் ஒரு காலை காருக்குள் வைத்துவிட்டு, மறு காலை எடுக்காமல் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டீர்கள். தண்ணீர் மோட்டாரைப் பற்றியோ அடைத்துக்கொள்ளும் குழாயைப் பற்றியோ சொல்லப்போகிறீர்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓடி வந்தேன். நீங்களோ, "மாப்பிள்ளை, அலமாரியில இருக்கிற மண் தட்டைச் சும்மா அடுக்கி வச்சிராதீங்க. தினமும் அதுல சாப்பிடணும். நீங்க மூணு பேருதான், அதனால முறை போட்டு எல்லாத் தட்டையும் எடுத்துப் புழங்குங்க. சோப்பு போடாதீங்க, குடிச்சிரும். நாரும் வெந்நீரும் போதும். ஒண்ணையும் காய விட்டுராதீங்க" என்றீர்கள். காயவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "கத்தும்" என்று சொல்லிக் கார்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். வெடிக்கும் என்று சொல்ல வந்து வாய் தவறிவிட்டது போலிருக்கிறது என்று நானே உங்களுக்காக ஒரு திருத்தம் செய்துகொண்டு உள்ளே வந்தேன். என்ன அறிவு பாருங்கள்!

தட்டுகளைப் பார்த்ததும் என் மனைவி சொக்கிப்போய்விட்டாள். வெளியே சுட்ட செங்கல் நிறம், உள்ளே தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு, அடியில் மட்டும் பூச்சில்லாத வெறும் மண். ஈர விரலை அடியில் வைத்தால் சட்டென்று ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. "என்னங்க, இதெல்லாம் இப்போ பெரிய ஓட்டல்லதான் வைக்கிறாங்க" என்று சொல்லி, எங்கள் எவர்சில்வர் தட்டுகளை அன்றைக்கே மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள். என்னுடையதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்த தட்டு, விளிம்பில் என் பெயர் வெட்டியிருக்கிறது, அதில் பெயர் தெரிய உட்கார்ந்து சாப்பிட்டால்தான் நான் இந்த வீட்டுக் குடும்பத் தலைவன் என்று எனக்கே ஞாபகம் வருகிறது. அதற்காக நான் மண் தட்டை வெறுத்தேன் என்று நினைக்காதீர்கள். முதல் நாள் நானும் ஒன்றில் உட்கார்ந்தேன். ஆவி பறக்கிற சோறு. கையை வைத்து ஒரு கவளம் உருட்டுவதற்குள் அது பச்சைத் தண்ணீரில் போட்ட மாதிரி ஆகிவிட்டது. சரி என்று மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துச் சூடு பண்ணினேன். சோறு அப்படியே சில்லென்று இருந்தது, தட்டு மட்டும் நெருப்பாகக் கொதித்து என் இரண்டு கையையும் பதம் பார்த்துவிட்டது. மண்ணுக்குள் ஈரம் இருந்தால் அப்படித்தான் ஆகும் என்று மனைவி சொன்னாள். ஆகட்டும். என்னை வேண்டாம் என்கிற ஒரு தட்டை நான் ஏன் கட்டாயப்படுத்த வேண்டும்? என் எவர்சில்வருக்குத் திரும்பிவிட்டேன்.

இப்போது குருவியைப் பற்றி. என் மகளுக்கு நாங்கள் அந்தப் பெயரை ஏன் வைத்தோம் என்று உங்களுக்குத் தெரியும், ஓயாமல் எதையாவது கொறித்துக்கொண்டிருப்பாள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அது நின்றுபோனது. காய்ச்சல் போய்விட்டது, போகிறபோது பசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முட்டை, பால், பழம், ரொட்டி, மிரட்டல், கெஞ்சல், கதை, பொம்மை, எதற்கும் வாயைத் திறக்க மாட்டாள். டாக்டர், "உடம்புல ஒண்ணுமில்ல, பசி தானா வரும்" என்றார். எப்போது வரும் என்று கேட்டால் அவரும் மேலே பார்க்கிறார். மற்ற வீட்டுத் தகப்பன்மார்களுக்கு ஒரு வசதி உண்டு, பிள்ளையை எடை போட்டுக் குறைந்திருந்தால் தராசு சரியில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். எனக்கு அந்த வசதி இல்லை. என் தராசு சரியாக இருக்கும், அதுதான் என் பிழைப்பு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளைத் தூக்கி நிற்க வைத்து முள் போகிற இடத்தைப் பார்ப்பேன். அப்புறம் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்பதால்தான் உங்கள் வீட்டுக்கு வந்தோம். அது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் தட்டைத்தான் விசாரிக்கிறீர்கள்.

வந்து கொஞ்ச நாளில், மதியச் சாப்பாடு முடிந்து வீடு அமைதியாகிற நேரத்தில், 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. சின்னச் சத்தம், நகத்தால் கண்ணாடி டம்ளரைச் சுண்டின மாதிரி. கடிகாரத்தைக் கழற்றினேன், குழாயைக் கட்டினேன், எலி என்று பொறி வைத்து என் கட்டைவிரலையே பிடித்தேன். மேல்வீட்டுத் தையற்காரரிடம் போய்க் கேட்டால் அவர் மிஷினை நிறுத்தாமலே, "அதுவா? அலமாரித் தட்டுங்க. அந்தம்மா இருந்தப்பவும் உண்டு. அது அடங்கினதும் நான் கொஞ்சம் தலை சாய்ப்பேன், அதான் எனக்குக் கடிகாரம்" என்றார். சொன்ன தோரணையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடுகிற சத்தத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது. நானும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மண் ஈரத்தைக் குடித்துக் கொஞ்சம் பருக்குமாம், மேல்பூச்சு பருக்காதாம், அதனால் பூச்சில் மயிரிழை விரிசல் விழும்போது அப்படி ஒலிக்குமாம். ரொம்ப நல்ல விளக்கம், எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த நாள் அலமாரி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிற வரைக்கும் இருந்தது. அன்றைக்குச் சோறு போட்ட தட்டுகள் சத்தமே போடவில்லை அத்தை. சோறு போடாத தட்டுகள்தான் கத்தின, ஒன்று முடித்ததும் இன்னொன்று, முறை வைத்து.

குருவி என் பின்னால் வந்து நின்றாள். "அதுக்குப் பசிக்குதுப்பா" என்றாள். நான் ஏதோ சொல்லி அனுப்பப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. அலமாரியின் அடி அடுக்கிலிருந்து, ஓரத்தில் சின்னதாய்ச் சில்லு பெயர்ந்த ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் நீட்டினாள். அவள் சோறும் பருப்பும் போட்டாள். குருவி ஒரு சின்ன உருண்டை பிடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "உனக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய்" என்று சொல்லி, வாயைத் திறந்து, மென்று, விழுங்கினாள். இன்னொரு வாய், அதற்கப்புறம் இன்னொன்று. என் மனைவி அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் சாப்பாடு முடிந்து பார்த்தால் தட்டின் ஓரத்தில் வைத்த உருண்டையைக் காணோம். குருவி அதைத் தொடவில்லை, நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எறும்பு இல்லை, பூனை இல்லை, கீழேயும் விழவில்லை. அந்த இடத்தில் ஒரு ஈரத் தடம், அதுவும் என் கண் முன்னாலேயே சுருங்கிச் சுருங்கிப் போய்விட்டது.

நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், எடை போட்டேன். வந்த அன்றைக்கே தொழில் பழக்கத்தில் எல்லாத் தட்டையும், எங்கள் மூன்று பேரையும் சேர்த்து, எடை போட்டு எழுதி வைத்திருந்தேன், அதைவிட இந்தத் தட்டு கனத்திருந்தது. ஈரம் என்று மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்துப் போட்டேன், அப்போதும் கனம். இன்னொரு தராசில் போட்டேன், எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்துவிட்டுப் போட்டேன், பட்டறைக்குக் கொண்டுபோய் முதலாளிக்குத் தெரியாமல் போட்டேன். தெரிந்துவிட்டது. "என்னப்பா, தட்டு வியாபாரமா?" என்றார். இதற்கு நடுவில் காலையில் தட்டுகளை எடுத்தால் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. சாப்பாட்டு உப்பு மண் வழியாக வெளியே வருகிறது, தெரியும், அதையும் விசாரித்துவிட்டேன். பூக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. குருவியின் தட்டில் மட்டும் அது ஏன் அரிசி அரிசியாக வரிசை கட்டி, இரண்டு வளைவாக, ஒரு சின்ன வாயைத் திறந்து வைத்த மாதிரிப் பூக்க வேண்டும்? துடைத்தேன். அந்த வாரம் குருவிக்கு முன்பல் ஒன்று விழுந்தது. மறுபடி பூத்தபோது எண்ணிப் பார்த்தேன். முன்னால் நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது அத்தை.

பிள்ளை தட்டுக்கு ஊட்டுகிறாளா, தட்டு பிள்ளையைத் தின்கிறதா என்று தெரியாமல் எந்த அப்பன் வேலைக்குப் போவான்? யாருக்கும் சொல்லாமல் அந்தத் தட்டைத் துண்டில் சுற்றிப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அங்கே போட்டு உடைத்துவிடலாம் என்றுதான் யோசனை. சுத்தியலைக் கையில் எடுத்தேன், அடிக்க மனசு வரவில்லை, கண்ணுக்கு எதிரிலேயே இருக்கட்டும் என்று ஒரு தராசின் மேல் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். இதுதான் நான் செய்த தப்பு. வேறு யாராக இருந்தாலும் அலமாரியிலோ பெஞ்சுக்கடியிலோ வைத்திருப்பார்கள், ஒன்றும் தெரியாமல் போயிருக்கும். மதியம் எல்லாரும் சாப்பிட எழுந்தபோது முள்ளைப் பார்த்தேன், இறங்கிக்கொண்டிருந்தது. வெறும் தட்டு. யாரும் தொடவில்லை. ஈரம் காய்கிறது என்று சொல்வீர்கள், காலையிலிருந்து காயாத ஈரம் சாப்பாட்டு நேரம் பார்த்துக் காயுமா? அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து போன். "குருவி தட்டு எங்கங்க? அலமாரி முழுக்கக் கத்துது, எனக்குப் பயமா இருக்கு. இவ பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா, தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்கறா" என்றாள். அவள் பேசப் பேச முள் இறங்கியது.

தட்டைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மடியில் வைத்திருந்தேன். துண்டுக்குள்ளிருந்து சூடு வந்தது, காய்ச்சல் உடம்பின் சூடு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி எட்டிப் பார்த்து, "குழந்தைங்களா? தூங்குதா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் தன் பையை நகர்த்தி எனக்குக் காலுக்கு இடம் கொடுத்தார். அந்த வழி முழுக்கப் பேருந்து குலுங்கும்போதெல்லாம் என் கை தானாக அந்தத் துண்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் நுழைந்து தட்டை வைத்ததும் அலமாரி கப்சிப். குருவி, "எங்கேப்பா கூட்டிட்டுப் போனே?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். எடுத்துக்கொண்டு போனே என்று கேட்கவில்லை, கவனியுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பது எல்லாவற்றையும் எடை போட்டேன். தட்டுகள் எல்லாம் கூடியிருந்தன. குருவி கூடியிருந்தாள்! ரொம்ப நாளைக்குப் பிறகு முள் நான் ஆசைப்பட்ட பக்கம் போனது. என் மனைவி அப்படியே இருந்தாள், அதிலும் ஒரு பிடி கூடத்தான், அதைச் சொன்னதற்கு அன்று முழுக்கப் பேசவில்லை. கடைசியாக நான் ஏறினேன். இறங்கினேன், தராசைத் தட்டினேன், மறுபடி ஏறினேன். இத்தனை வருஷத் தொழிலில் முதல் தடவையாகத் தராசு சரியில்லை என்று வாயால் சொன்னேன். எடைக்கல் வைத்துப் பார்த்தால் சுத்தமாகச் சரியாக இருக்கிறது. பிள்ளை ஏறின அளவும் மனைவியின் அந்த ஒரு பிடியும் தட்டுகள் ஏறின அளவும் கூட்டினால், நான் இறங்கின அளவு. நான் என்ன, பட்டினியா கிடக்கிறேன்? எவர்சில்வரில் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிடுகிறேன். பேன்ட் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. "நீங்க கவலைப்பட்டே இளைக்கிறீங்க" என்கிறாள் மனைவி. கவலைக்குக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வருமா அத்தை?

அப்புறம்தான் முன்னறைச் சுவரில் நீங்கள் விட்டுப்போன போட்டோக்களைப் பார்த்தேன். இத்தனை நாளும் பார்த்தவைதான், ஆனால் வரிசையாகப் பார்த்ததில்லை. உங்கள் கல்யாணப் போட்டோவில் காலஞ்சென்ற பெரிய மாமா நாற்காலி நிறைய உட்கார்ந்திருக்கிறார், சட்டைப் பொத்தான் தெறிக்கிற மாதிரி. அடுத்ததில் மச்சான் கைக்குழந்தை, மாமா கொஞ்சம் வாட்டம். அதற்கடுத்ததில் மச்சான் கன்னம் உப்பி நிற்கிறார், மாமாவின் கழுத்து காலருக்குள் தனியாக நிற்கிறது. கடைசிப் போட்டோவில் மச்சான் பக்கவாட்டில் திரும்பினால்தான் கதவில் நுழைவார், மாமாவைச் சட்டைதான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. "எங்க வீட்டுக்காரருக்கு என்ன சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது" என்று நீங்கள் எல்லா விசேஷத்திலும் சொல்லிச் சிரிப்பீர்கள், நாங்களும் சிரிப்போம். பரணில் எங்கள் மூட்டைக்குப் பின்னால் ஒற்றை எவர்சில்வர் தட்டு கிடந்தது, நடுவில் தேய்ந்து மெலிந்துபோன தட்டு. யாருடையது என்று மனைவியைக் கேட்டேன். "பெரியப்பாவோடது. அவருக்கு மண் தட்டு ஒத்துக்காது" என்றாள்.

ஆகையால் பெரிய அத்தை அவர்களே, என் விண்ணப்பம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மச்சானை வண்டியோடு அனுப்பி இந்தத் தட்டுகளை ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். குருவி கொஞ்சம் அழுவாள், சமாளித்துக்கொள்கிறோம், பசி ஒரு தடவை திரும்பி வந்த பிள்ளைக்கு இன்னொரு தடவை வராமலா போகும்? எனக்குச் சாக இஷ்டமில்லை அத்தை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இன்னும் கொஞ்ச காலம் என் பெயர் வெட்டின தட்டில் சாப்பிட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. போகிற போக்கில் ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். பெரிய மாமாவுக்கு இது தெரியுமா? தெரிந்துதான் தினமும் வந்து உட்கார்ந்தாரா?

மற்றபடி தங்கள் காலில் விழுந்து எழுந்ததாக நினைத்துக்கொள்ளவும். நிஜமாக விழுந்தால் இப்போதெல்லாம் எழுந்திருக்கக் கொஞ்சம் தலை சுற்றுகிறது. மச்சானுக்கு என் அன்பு. நீங்கள் நூறு வயது நல்லபடி இருந்து எங்களையெல்லாம் அதட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் வீட்டில் குடியிருக்கும்,
மெலிந்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிச் சமையலறைக்குப் போனேன். மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. குருவி தட்டை விரலால் வழித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "அப்பா, இன்னும் கொஞ்சம்" என்றாள். அத்தை, காய்ச்சலுக்கு அப்புறம் இந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. பாத்திரத்தைத் திறந்து பார்த்தேன், காலி. எனக்கென்று எடுத்து மூடி வைத்திருந்த சோறு மட்டும்தான் மிச்சம். அதை அப்படியே அவள் தட்டில் கவிழ்த்துவிட்டேன். அவள் முதல் உருண்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள், இரண்டாவதை வாயில் போட்டாள், கன்னம் உப்ப என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆகவே மேலே எழுதியிருப்பது எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை யாரும் வர வேண்டாம், வண்டி வேண்டாம், மச்சானிடம் இதைப் பற்றி மூச்சு விட வேண்டாம். பெரிய மாமாவைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் எழுத வேண்டாம், தெரிந்துவிட்டது. என் மனைவி இப்போது வந்து பக்கத்தில் நின்றுகொண்டு, "நீங்க சாப்பிடலையா?" என்று கேட்கிறாள். எனக்குப் பசி இல்லை என்று சொல்லிவிட்டேன். சத்தியமாக இல்லை, அத்தை.